பழி ஓரிடம், பாவம் ஓரிடம்



ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பம். மாடியில் 500 லிட்டர் தொட்டி. காலையில் நிரப்பினால் இரவு வரை போதுமாயிருந்த தண்ணீர், சில வாரங்களாக மாலையிலேயே தீர்ந்துவிடுகிறது. தண்ணீர் எங்கே போகிறது? கேள்வி பிறந்தவுடன் பதிலும் பிறந்துவிட்டது. "பாத்திரம் துலக்குகிறவள் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறாள்" என்றார்கள். அவளைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டார் காதில் விழும்படி கேட்டார்கள். "தேவைக்கு மேல் ஒரு சொம்புகூட எடுக்கவில்லை அம்மா" என்றாள் அவள். மறுத்துப் பேசியதே இன்னொரு குற்றமாயிற்று. அடுத்த மாதம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள்.

இப்படி நடவாத ஊர் உண்டோ? அந்த வீட்டாரைக் கெட்டவர்கள் என்று சொல்ல வேண்டாம். அவர்கள் யோசித்தார்கள், ஆனால் சோதிக்கவில்லை. அதுதான் குறை.

அதே வீட்டின் குளியலறைக்கு வாருங்கள். சுவரில் குழாய், கீழே வாளி, மேலே ஷவர். இவற்றின் நடுவே டைவர்ட்டர் என்ற ஒரு வால்வு இருக்கிறது. தண்ணீரைக் கீழ்க்குழாய்க்கோ மேலே ஷவருக்கோ திருப்பிவிடுவது அதன் வேலை. உள்ளே ஒரு சிறு ரப்பர் வளையம் வழியை அடைத்துக்கொள்கிறது. அந்த ரப்பர் தேய்ந்தாலும், உப்புத் தண்ணீரின் படிவு அதன்மேல் ஏறினாலும், அடைப்பு சரியாக உட்காராது. ஷவரைத் திறந்தால் மேலேயும் தண்ணீர் வரும், கீழ்க்குழாயிலும் ஒழுகும். வாளி வைக்காவிட்டால் நேரே சாக்கடைக்குத்தான் போகும்.

அந்த ஒழுக்கு நிமிஷத்துக்கு 2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குப் பத்து நிமிஷக் குளியல். ஐந்து பேருக்கு ஐம்பது நிமிஷம், 100 லிட்டர். தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு! கெய்சரில் காய்ச்சிய வெந்நீரானால் மின்சாரமும் அதோடு போகிறது. பாத்திரம் துலக்குகிறவள் மேல் சுமத்திய ஐந்து வாளித் தண்ணீரும் இதுவே.

இந்த ஒழுக்கை அந்த வீட்டில் ஐந்து பேரும் தினந்தோறும் கண்ணால் கண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். கண்டும் அதைக் குற்றமாக எண்ணவில்லை. தாம் குளிக்கும் தண்ணீர் அல்லவா! நம் கையால் நடக்கும் வீணை நாம் கணக்கில் எழுதுவதில்லை. பிறர் கையால் நடப்பதாக நினைக்கும் வீணைச் சொம்பு சொம்பாக எண்ணுகிறோம்.

சோதனை ஒன்றும் கடினமன்று. ஷவரைத் திறந்து, கீழ்க்குழாயின் அடியில் ஒரு நிமிஷம் வாளியை வையுங்கள். விழுந்ததை அளந்து பாருங்கள். புதிய வால்வுகூடக் காலப்போக்கில் தேயும் என்பது செய்கிறவர்களுக்கே தெரிந்த விஷயம். அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநில விதி, 15,000 தடவை திருப்பிச் சோதித்த பிறகு நிமிஷத்துக்கு 0.05 காலன், அதாவது சுமார் 190 மில்லி லிட்டர் வரை ஒழுகலாம் என்று அனுமதிக்கிறது. நாளுக்கு ஐந்து தடவை திருப்பினால் 15,000 என்பது ஏறக்குறைய எட்டு வருஷம். ஆகவே வால்வு ஒழுகினால் யாரோ கெடுத்தார்கள் என்று சொல்லவும் நியாயமில்லை.

வால்வின்மேலும் அவசரத்தில் பழி போடலாகாது. எல்லாவற்றையும் மூடிய பிறகும் கீழ்க்குழாய் சொட்டினால், கோளாறு டைவர்ட்டரில் இல்லை. தண்ணீரை நிறுத்தும் வால்வின் வாஷரைப் பாருங்கள். மூடியபின் ஷவர் சற்று நேரம் சொட்டி நின்றுவிட்டால், அது குழாயில் தங்கிய தண்ணீர், கோளாறே இல்லை. ஷவரின் துளைகள் உப்பால் அடைபட்டால், மேலே போக முடியாத தண்ணீர் கீழே அதிகமாகத் தள்ளும். ஷவர் தலையைக் கழற்றிக் காடியில் ஊறவைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். இழுத்துவிடும் கட்டை உள்ள குழாயானால், தண்ணீரின் அழுத்தமே கட்டையைத் தூக்கிப் பிடிக்கிறது. தொட்டி போதிய உயரத்தில் இல்லாவிட்டால் கட்டை தானாக விழும். வால்வை மாற்றியும் பயனில்லை. இத்தனையும் பார்த்த பிறகே, தண்ணீரை அடைத்துவிட்டு, சாக்கடைத் துளையைத் துணியால் மூடி, வால்வைக் கழற்ற வேண்டும். பழைய ரப்பரையே மாதிரியாகக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் நல்ல ரப்பரும் நசுங்கிவிடும்.

ஒரு குழாய்க்கு இத்தனை பொறுமை காட்டச் சொல்கிறோமே, ஒரு மனுஷிக்கு எவ்வளவு காட்ட வேண்டும்?

"சந்தேகப்படுவதே குற்றமா?" என்று கேட்பீர்கள். சந்தேகம் ஒரு கேள்வி. அது மனத்தில் எழுவதை யாரும் தடுக்க முடியாது. சோதிக்காமலே அதைத் தீர்ப்பாக மாற்றுவதுதான் அநீதி. 13-ஆம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இதை ஆராய்ந்திருக்கிறார். ஒரு பொருளைப் பற்றித் தவறாகத் தீர்த்தால் அந்தப் பொருளுக்கு நஷ்டமில்லை. மனிதனைப் பற்றித் தவறாகத் தீர்த்தால் அவனுக்கே தீங்கு என்பது அவர் காட்டும் வித்தியாசம். சந்தேகம் தெளியாத இடத்தில் பிறரை நல்லவரென்றே கொள்ள வேண்டும். அதனால் பலமுறை ஏமாந்தாலும், ஒரு நல்லவனைக் கெட்டவன் என்று எண்ணுவதைவிட அது மேல் என்பதும் அவர் கருத்து.

"அப்படியானால் வேலைக்காரர் செய்யும் குற்றத்தைக் கேட்கவே கூடாதா?" கேட்கலாம். முதலில் வாளியை வைத்துப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். கேட்பதையும் தனியே கேளுங்கள். தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியோர் சொன்னது இதைத்தான்.

அந்த வீட்டில் பிறகு பிளம்பர் வந்து பார்த்தார்; ரப்பர் வளையத்தை மாற்றினார்; தொட்டியில் இரவு வரை தண்ணீர் நின்றது. கதை அதோடு முடிந்ததாக எண்ணலாமா? ரப்பர் கடையில் கிடைக்கும். அவளுடைய பெயர் எந்தக் கடையில் கிடைக்கும்? அடுத்த வீட்டில் வேலை கேட்டுப் போனால், "தண்ணீரைக் கொட்டுகிறவள்" என்ற சொல் அவளுக்கு முன்னே போய் நிற்கிறது. பிறர் பொருளை எடுத்தவன் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன். பிறர் பெயரைக் கெடுத்தவனுக்கும் அதே கடமை உண்டு. சம்பளத்தில் பத்து ரூபாய் கூட்டிக்கொடுத்து அதைத் தீர்க்க முடியாது. அவளை வேலையில் வைத்துக்கொண்டு, யார் காதில் பழி விழுந்ததோ அவர்கள் காதில் விழும்படியாகவே, "தவறு எங்களுடையது, அம்மா" என்று சொல்ல வேண்டும்.

வாசகரே, நாளைக் காலையில் குளிக்கும்போது உங்கள் வீட்டுக் கீழ்க்குழாயைப் பாருங்கள். ஒழுகினால் அளந்து பாருங்கள். பிறகு, இந்த மாதம் வீட்டில் யாரையாவது தண்ணீருக்காகக் கடிந்துகொண்டீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள்.