சும்மா கிடக்கிற இடம்

ஓவியக் கல்லூரியில் முதல் வருஷமே சொல்லித் தந்துவிடுகிறார்கள்: தாளில் காலியாக விட்ட இடமும் வேலை செய்யும், அதை நிரப்பத் துடிக்காதே என்று. கொடைக்கானல் பைன் காட்டில் நிற்கும்போதெல்லாம் இந்தப் பாடம் என்னைக் குடைகிறது. பிரையண்ட் பூங்காவுக்குப் பெயர் தந்த அதே பிரையண்ட், 1906இல் மர வியாபாரத்துக்காக நடத் தொடங்கிய காடு. ஒரே மாதிரித் தண்டுகள், ஒரே மாதிரி இடைவெளி, சாய்ந்து இறங்கும் வெளிச்சம். வகுப்பில் சொல்கிற தாளம் அப்படியே கண்முன்னால். போட்டோ எடுக்காமல் யார் திரும்புவார்கள்? நானும் எடுத்தேன், நல்லாவே வந்தது.

பழனி மலையின் உச்சிப் பகுதிகள் ஒருகாலத்தில் பரந்த புல்வெளிகள். மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. புல்லைப் பார்த்தவர்களுக்கு அது சும்மா கிடக்கிற நிலமாகத் தெரிந்திருக்கிறது. தோல் பதனிட வாட்டில், விறகுக்கும் காகிதத்துக்கும் தைலமரம் என்று நட்டார்கள். வெள்ளைக்காரன் போன பிறகும் நடுவது நிற்கவில்லை. அந்தப் புல்லோ மழையைப் பிடித்து வைத்து, கோடையிலும் ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது.

அப்போ பைன் காடு அழகில்லையா? அழகுதான், இல்லைன்னு சொன்னா பொய். ஆனால் எதை மூடிவிட்டு இந்த அழகு என்று தெரிந்த பிறகு, அந்தப் போட்டோவை யாருக்கும் அனுப்பக் கை வரவில்லை.

எல்லாத்தையும் வெட்டிட்டா சரியாயிடுமா என்றால், அதுவும் சிக்கல். வாட்டில் நிழலிலேயே சில இடங்களில் சோலை மரக்கன்றுகள் முளைத்து வருகின்றன. புல்லுக்கு அந்த நிழல் ஆகாது.