தர்மத்துக்கு எல்லை வேண்டுமா?

அறம் எங்கிருந்து வலிமை பெறுகிறது? நூலிலிருந்தா, அரசனிடமிருந்தா, மனச்சாட்சியிலிருந்தா? வேலூர் அருகே உள்ள விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் முன்கோபுரத்தில் உள்ள ஒரு கல்வெட்டு நான்காவதாக ஒரு விடையைத் தருகிறது. விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்தில், சக ஆண்டு 1347-இல், அதாவது கி.பி. 1425-26-இல் வெட்டப்பட்டது அது. படைவீட்டு ராஜ்யத்தின் கற்றறிந்த பிராமணர்கள் கோபிநாதர் சந்நிதியில் கூடி, தர்மத்தை நிலைநிறுத்த ஓர் உடன்படிக்கை எழுதிக் கொடுத்தார்கள். அன்று முதல் தங்கள் வீட்டுத் திருமணங்கள் கன்னிகாதானமாகவே, அதாவது விலை வாங்காமல் மகளைத் தானமாகக் கொடுத்தே, நடக்க வேண்டும். பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுத்தவரும், பொன் கொடுத்துப் பெண் எடுத்தவரும் அரச தண்டனைக்கு ஆளாவார்கள். பிராமணர் கூட்டத்திலிருந்தும் விலக்கப்படுவார்கள். இதுவே அதன் சாரம்.

இதில் வியப்பு என்னவென்றால், விதி புதியதே அல்ல. பெண்ணுக்கு விலை வாங்குவது பிள்ளையை விற்பதற்குச் சமம் என்று மனுஸ்மிருதி எப்போதோ சொல்லிவிட்டது. வேதம் ஓதியவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்திருந்தும் பொன் கைமாறியது. தனி மனிதரின் நற்குணம் மட்டும் இதை மாற்றியிருக்க முடியாது. மகளுக்குப் பொன் வாங்காத தகப்பன், மகனுக்குப் பெண் எடுக்கும்போது பொன் கொடுத்தே தீர வேண்டும். ஊரெல்லாம் வாங்கும்போது ஒருவர் மட்டும் விலகி நின்றால் அவருக்கு நஷ்டம். வழக்கமோ அப்படியே இருக்கும். எது சரி என்று நூல் சொல்லலாம். அடுத்தவரும் அதைச் செய்வார் என்ற உறுதியை நூலால் தர முடியாது. அந்த உறுதியைத் தந்தது, ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்த வாக்கு.

யாருக்குள் அந்த வாக்கு என்பதும் கவனிக்கத்தக்கது. கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் (லாட நாட்டவர்) என எல்லா மொழியினரையும், எல்லாக் கோத்திரங்களையும், சூத்திரங்களையும், சாகைகள் எனப்படும் வேதக் கிளைகளையும் கல்வெட்டு ஒருசேரக் குறிப்பிடுகிறது. மொழியோ வம்சமோ இவர்களை ஒன்றாகக் கட்டவில்லை; கட்டியது படைவீடு என்ற எல்லை. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள படைவீடு ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகர். 14ஆம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் அவர்களை வென்றபின் அது விஜயநகர ஆட்சியின் கீழ் ஒரு ராஜ்யமானது. அதாவது பேரரசின் ஒரு நிர்வாகப் பிரிவு. ஆட்சியாளர்கள் தங்கள் வசதிக்காக வகுத்த அந்த எல்லையைத்தான் இவர்கள் தங்கள் அறத்தின் எல்லையாக ஏற்றார்கள். இடைக்கால வேல்ஸ் நாட்டிலும் இதற்கு இணையான ஒரு மரபு உண்டு. அங்கே 'கூமுட்' என்ற சிறு வட்டாரமே நீதிக்கும் வரிக்கும் அடிப்படை அலகு. 10ஆம் நூற்றாண்டு மன்னர் ஹைவெல், வட்டாரத்துக்கு ஆறு பேராக வரவழைத்துச் சட்டங்களைத் திருத்தினார் என்று வேல்ஸ் சட்டச் சுவடிகளின் முன்னுரை சொல்கிறது. சுவடிகள் காலத்தால் பிந்தியவை. செய்தியும் வெறும் மரபாக இருக்கலாம். ஆனாலும் தம் வட்டாரத்தார் உட்கார்ந்து பேசி ஏற்ற சட்டமே தம்மைக் கட்டும் என்று அந்த மக்கள் கருதியதை அது காட்டுகிறது.

அறம் வட்டார ஒப்பந்தத்தில்தான் நிற்கிறது என்றால், ஓர் ஊர் கூடித் தீமையையும் தர்மமாக்கிவிடலாமே என்று ஒருவர் மறுக்கலாம். பொதுக்குளத்தில் சிலர் நீர் எடுக்கக் கூடாது என்று ஊர் கூடி முடிவெடுத்த கொடுமை நம் நாட்டில் நடந்ததுதானே? நடந்தது. ஆனால் அறத்தின் ஊற்று ஒப்பந்தம் என்று நான் சொல்லவில்லை. அறம் நடைமுறைக்கு வரும் வழி ஒப்பந்தம் என்கிறேன். இரண்டு ஒப்பந்தங்களையும் பிரித்தறியத் தெளிவான உரைகல் உண்டு. படைவீட்டார் தங்கள் கைக்கு வரும் பொன்னைத் தாங்களே துறந்தார்கள். குளத்தை அடைத்தவர்கள் கூட்டத்தில் இல்லாதவர் தலையில் சுமையை ஏற்றினார்கள். எழுதியவர்களையே கட்டும் ஒப்பந்தம் அறத்துக்குத் துணை. பிறரை மட்டும் கட்டுவது அதிகாரத்துக்குத் துணை. அரச தண்டனைக்கு அஞ்சித்தான் கட்டுப்பட்டிருப்பார்கள் என்ற மறுப்பும் முழுமையானதல்ல. விதியை வகுத்தவர்கள் சபையார். விலக்கிவைத்தல் என்ற இன்னொரு தண்டனையும் அவர்கள் கையிலேயே இருந்தது.

இவற்றைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. விலைப்பொருளாக இருந்த பெண் தானப்பொருளானாளே தவிர, மனுஷியாக அந்தச் சபையில் உட்காரவில்லை. தன் திருமணம் பற்றி அவளிடம் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை. மேலும் இது ஒரே சாதியாரின் ஒப்பந்தம். இந்தக் குறைகளை மழுப்பக் கூடாது. ஆனால் இவை பரஸ்பர வாக்கு என்ற வழியைப் பொய்யாக்கவில்லை. சபை குறுகலாக இருந்ததைத்தான் காட்டுகின்றன. எவருடைய வாழ்வு பேசப்படுகிறதோ அவரும் அமரும் சபையில் எழுதப்படும்போதே உடன்படிக்கை முழுமை பெறும்.

பிற்காலத்தில் பொன் திசை மாறி, பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போகத் தொடங்கியது. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், விரிஞ்சிபுரம் கல்வெட்டைப் போலவே, கொடுப்பவரையும் வாங்குபவரையும் குற்றவாளிகள் என்கிறது. ஆனாலும் வரதட்சணை ஒழியவில்லை. சட்டத்தில் தண்டனை இருக்கிறது. நாங்கள் வாங்க மாட்டோம், நீங்களும் வாங்காதீர்கள் என்று ஒரு வட்டாரத்தார் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கு இல்லை. வேலூர் முதல் ஆம்பூர் வரை பாலாற்றங்கரையில் கோயில் நிர்வாகங்களும் ஜமாஅத்துகளும் திருச்சபைகளும் இன்றும் மக்களைக் கூட்டும் வலிமையோடு இருக்கின்றன. பெண்களையும் சமமாக அமர்த்தி, சாதி கடந்து, எங்கள் எல்லைக்குள் எந்தத் திருமணத்திலும் பொன்னோ பணமோ கேட்பதில்லை, கொடுப்பதில்லை என்று அவை எழுதிக் கையெழுத்திட வேண்டும்.