எட்டு நாள் தோட்டம்

ஜன்னல் விளிம்பில் ஏழு கண்ணாடி டம்ளர்கள். ஒவ்வொன்றின் உள்சுவரையும் ஒட்டி ஈரமான மை ஒற்றும் தாள். தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே பாசிப்பயறு, தட்டப்பயறு, மொச்சை. மண் கிடையாது. வேர் இறங்குவதும் தண்டு எழுவதும் வெளியே தெரியவேண்டும் என்று செய்த ஏற்பாடு. படுக்கையைவிட்டு அதிகம் எழமுடியாத அம்மாவின் கண்ணில் ஏதாவது பச்சையாகப் படட்டும் என்று நான்தான் வைத்தேன். நாலாம் நாள் கேட்டாள்: "ஏம்ப்பா, இதெல்லாம் காய்க்கவா போகுது?"

காய்க்காது. அவள் காட்டு வேலையில் ஆயுளைக் கழித்தவள், அப்படித்தான் கேட்பாள் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் இதே கேள்வியை ப்ளேட்டோவின் 'ஃபீட்ரஸ்' உரையாடலில் ஸாக்ரடீஸ் கேட்டிருப்பது ஞாபகம் வந்தது. இளமையில் செத்துப்போன அடோனிஸுக்காக ஏதென்ஸ் பெண்கள் கோடையில் சட்டிகளிலும் உடைந்த பானை ஓடுகளிலும் விதை தூவிக் கூரைமேல் வைப்பார்கள். சடுதியில் முளைக்கும், சடுதியில் வாடும், நீரில் எறிந்துவிடுவார்கள். புத்தியுள்ள விவசாயி, தான் மதிக்கிற விதையை இப்படிப் போட்டு எட்டு நாளில் அழகு பார்ப்பானா, தகுந்த நிலத்தில் விதைத்து எட்டு மாதம் காத்திருப்பானா? முதலாவதை அவன் செய்தால் விளையாட்டுக்கோ திருவிழாவுக்கோதான் செய்வான் என்பது அங்கே கிடைக்கும் பதில். உடனே உவமை எழுத்தின்மேல் திரும்புகிறது. எழுதிவைப்பது அடோனிஸ் தோட்டம். உயிருள்ள மனத்தில் ஊன்றுவதுதான் விவசாயம். இதையும் நாம் எழுத்தில்தான் படிக்கிறோம் என்பது ப்ளேட்டோவின் குறும்பு. சில நூறு பிரதிகள் போகிற பத்திரிகையில் எழுதுகிற நாமும் சற்று நெளியத்தான் வேண்டும்.

ஆனால் அம்மாவின் கேள்வியை ஸாக்ரடீஸின் கேள்வியோடு அப்படியே சேர்த்துவிட முடியவில்லை. அவளே வருஷாவருஷம் முளைப்பாரி போட்டவள். எங்கள் பக்கத்தில் மண்ணும் மக்கிய எருவும் வைக்கோலும் நிரப்பிய ஓட்டில் பயறுகளை விதைத்து, வெளிச்சம் புகாத அறையில் வைத்து, இரவில் சுற்றிவந்து கும்மி கொட்டுவார்கள். இருட்டில் பச்சையம் உண்டாவதில்லை. வெளிச்சத்தைத் தேடித் தண்டு மட்டும் நீண்டுகொண்டே போகும். அந்த வெளிறிய மஞ்சளும் மெலிந்த உயரமும்தான் முளைப்பாரியின் அழகு. தாவரத்தின் கணக்கில் அது பட்டினி. அதையும் கடைசியில் கண்மாயில்தான் கரைத்தார்கள். அது காய்க்குமா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. விதையின் தரத்தைச் சோதிக்க முன்னோர் கண்ட வழி அது என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு; எனக்கு அந்த விளக்கம் ருசிப்பதில்லை. ஒரு பிரயோஜனத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தால்தான் நமக்கு மரியாதை வருகிறது போலும். அம்மா விரதம் இருந்தாள், பயந்தாள். பாரி வாடினால் அந்த வருஷம் ஊருக்கு ஆகாது; விதைத்தவள் பதில் சொல்லவேண்டும். திருவிழாவை விளையாட்டோடு ஒரே மூட்டையில் கட்டிய இடத்தில் ஸாக்ரடீஸ் அவசரப்பட்டுவிட்டார் என்று தோன்றுகிறது. அறுவடை இல்லாத இடத்திலும் தீவிரம் இருக்கலாம். வாடினால் யாராவது பதில் சொல்லவேண்டியிருக்கிறதா என்பதுதான் விஷயம்.

அப்படியானால் என் டம்ளர்கள்? வாடினால் நான் யாருக்குப் பதில் சொல்லவேண்டும்? கொட்டிவிட்டு வேறு பயறு போடலாம். சங்கடமான உண்மை இதுதான்: பகல் பூராவும் அவள் பக்கத்தில் உட்கார முடியாதவன், உட்கார்வதற்குப் பதிலாக ஒரு காட்சியை வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனேன். காட்சி அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததால் என் மனசாட்சி இன்னும் சுலபமாகத் தூங்கியது. காய்க்குமா என்று அவள் கேட்டது பயறைப் பற்றி மட்டும்தானா என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

ஒற்றும் தாளில் சத்து எதுவும் இல்லை. ஈரம் மட்டும்தான். முதல் சில நாட்கள் முளை முழுக்கவும் வித்திலைகளில் தாய்ச்செடி கட்டிக்கொடுத்ததைத் தின்று வளர்கிறது. அந்த இரண்டு பருப்புகளும் சுருங்கி உதிர்வதற்குள் மண் கிடைத்தாகவேண்டும். எட்டு நாள் அழகு முழுவதும் முதலிலிருந்து எடுத்துச் செலவழிப்பதுதான். நம் கவிஞர்களின் முதல் தொகுப்பு பச்சையாக இருப்பதற்கும் இரண்டாவது வெளிறிப்போவதற்கும் இதைத் தாண்டிய விமர்சனக் காரணங்களைத் தேடவேண்டியதில்லை என்று சில சமயம் நினைத்ததுண்டு. கவிதை எழுதாத எனக்கு அப்படி நினைப்பது சௌகரியம்.

இன்னொன்று. ஜன்னலோரச் செடி கண்ணாடிப் பக்கம் சாயும். டார்வின் தன் மகன் ஃபிரான்ஸிஸோடு கானரிப் புல்லின் முளைகளை வைத்துச் செய்த சோதனைகளை 1880இல் புத்தகமாக வெளியிட்டார். முளையின் நுனியை மெல்லிய தகரத்தாளால் மூடிவிட்டால் அது வெளிச்சத்தின் பக்கம் வளைவதில்லை. பார்ப்பது நுனி, வளைவது அதற்குக் கீழே. நான் தினமும் காலையில் டம்ளர்களைப் பாதிச்சுற்று திருப்பிவைத்தேன், தண்டு நேராக நிற்பதற்காக. அது ராத்திரிக்குள் மறுபடி ஜன்னலை நோக்கித் திரும்பத் தொடங்கிவிடும். திருப்புவது கொடுமை என்று சொல்லமாட்டேன். பயறுக்கு வலியைக் கற்பிப்பது மலிவான கவித்துவம். ஆனால் யாருக்காக அது நேராக நிற்கவேண்டும் என்ற கேள்வி போகவில்லை. அம்மாவுக்கு நேராக நிற்கிற பயறு தேவைப்பட்டதாக நினைவில்லை.

ஏழாம் நாள் திருப்பப்போன கையைப் பார்த்துச் சொன்னாள்: "விடு, அதும்பாட்டுக்குப் போகட்டும். நீ செத்த நேரம் உக்காரு."

அன்று ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. உட்கார்ந்தேன். பயறுகள் எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டி, கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றன. மொச்சை மட்டும் இன்னும் முளைக்கவில்லை. ஊறவைக்காமல் போட்டிருப்பாய் என்றாள்.