கேமரா பார்க்காத பக்கம்

பிறர் கண்ணில் படும் பக்கத்தை அழகாக வைத்துக்கொள்ள நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நாலு பேர் நடுவில் சொல்லைத் தேர்ந்து பேசுகிறோம், நல்ல உடை உடுத்துகிறோம், முகத்தைத் திருத்திக்கொள்கிறோம். எவர் கண்ணும் எட்டாத பக்கத்தை எந்த மனத்தோடு தொடுகிறோம்? ஆன்மிகம் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். பிளாஸ்டிக் கிட்டில் ஒரு விண்கப்பலைக் கட்டி வண்ணம் தீட்டும்போதெல்லாம் இந்தக் கேள்வி என் எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நான் சொல்லும் கப்பல் ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரின் எண்டர்பிரைஸ். வட்டமான தட்டு, அதைத் தாங்கும் கழுத்து, உருளை உடல், பின்னால் இரண்டு தாங்கிகளின் மேல் நீண்டு நிற்கும் இயந்திரக் குழாய்கள் என்று மேட் ஜெஃப்ரீஸ் வடிவமைத்த கப்பல். தொடர் 1966-ல் ஒளிபரப்பானது. படப்பிடிப்புக்காக 1964-ல் மரம், உலோகத் தகடு, பிளாஸ்டிக் ஆகியவற்றால் செய்த மாதிரியின் நீளம் 11 அடிக்கும் சற்று அதிகம். இன்று அது ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். அந்த மாதிரிக்குள் விளக்குகள் பொருத்தியபோது, மின்கம்பிகளை இடப்புறமாக நுழைத்தார்கள். ஆகவே கேமரா வலப்புறத்தையே பார்த்தது. இடப்புறத்தின் அலங்கார வேலைகள் முடிக்கப்படாமலே நின்றன. கப்பல் எதிர்த்திசையில் போவதாகக் காட்ட வேண்டியபோது, எழுத்துகளை இடவலம் மாற்றி ஒட்டிப் படம் எடுத்து, பிறகு பிலிமைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் செய்ததில் பிழையில்லை. திரைக்கு வேண்டியது ஒரு பக்கம்தான்; அந்த ஒரு பக்கத்தை அவர்கள் அற்புதமாகச் செய்தார்கள்.

அதே கப்பலை ஏஎம்டி நிறுவனம் 1966-லேயே வீட்டில் கட்டும் கிட்டாக விற்கத் தொடங்கியது. இன்று பல அளவுகளில் கிடைக்கிறது. 1/1000 அளவில் கட்டினால் சுமார் 29 சென்டிமீட்டர். 1/350 என்றால் 80 சென்டிமீட்டரைத் தாண்டும். மேசையில் இருக்கும் இந்தச் சிறு கப்பலுக்குக் கேமரா கிடையாது. எது முன்பக்கம், எது பின்பக்கம், எதுவரை உழைத்தால் போதும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. கட்டுகிறவரின் மனம் ஒன்றே அளவுகோல். எந்தக் காலத்திலும் பறக்கப்போகாத, எங்கும் இருந்திராத ஒரு கப்பல் தவமாக மாறுவது இந்த இடத்தில்தான்.

பாகங்கள் ஒரு சட்டத்தோடு சேர்ந்தே வார்க்கப்பட்டு வரும். சிறு கட்டரால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வெட்டிய இடத்தில் மிஞ்சும் நுனியைக் கத்தியால் சீவி, நீர் தொட்ட உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிறகு இரண்டு பாதிகளைச் சேர்க்க வேண்டும். பாலிஸ்டைரீனுக்கான சிமென்ட், சாதாரணப் பசையைப்போல் நடுவில் நின்று பிடித்துக்கொள்வதில்லை. அது இரு விளிம்புகளையும் சிறிது கரைக்கிறது, கரைந்தவை கலக்கின்றன, கரைப்பான் ஆவியாகிப் போய்விடுகிறது. எஞ்சுவது ஒரே பிளாஸ்டிக். சேர்த்துவைத்தது அங்கே இல்லை. நன்றாகக் காயவிட்டு, பிதுங்கி நிற்கும் கோட்டைத் தேய்த்து, பள்ளம் தெரிந்தால் பட்டி பார்த்து, மறுபடி தேய்த்தால் இணைப்பு மறைந்துபோகும். அந்த இடத்தில் ஒரு வேலை நடந்தது என்பதே தெரியாமல் போவதுதான் அந்த வேலையின் நிறைவு.

உள்ளே விளக்கு வைக்க விரும்பினால், உடலை மூடுவதற்கு முன்பே இன்னொரு கடமை உண்டு. வெளிர்நிறப் பிளாஸ்டிக்கின் ஊடாக ஒளி கசியும். சுவர் முழுவதும் மங்கலாக மினுங்கினால் ஜன்னலுக்கு வேலையே இல்லை. அதனால் உட்சுவர் முழுவதும் கறுப்பு பூச வேண்டும். ஒளி சிதறித் திரும்பும்படி அதன்மேல் வெள்ளை பூச வேண்டும். மூடியபின் அந்தப் பூச்சை யாரும் காணப்போவதில்லை. ஆனால் வெளியே தெரியும் ஒவ்வொரு ஜன்னலின் தெளிவும் அந்த உட்பூச்சைப் பொறுத்தது. அதைப் பூசும்போது நான் மௌனத்தைப் பற்றி நினைத்துக்கொள்வேன். பேசிப் பேசி எல்லாத் திசையிலும் கசியவிட்ட உள்ளொளி, வேண்டிய நேரத்தில் வேண்டியவருக்கு வெளிச்சம் தருவதில்லை.

அடுத்து ப்ரைமர் என்னும் அடிப்பூச்சு. சாம்பல்நிறத்தில் ஒரே சீராகப் படிந்ததும், அதுவரை கண்ணுக்குத் தப்பிய கீறலும் மேடும் எழுந்து தெரியும். பூச்சு குறையை மூடிவிடும் என்று நினைப்போம்; இந்தப் பூச்சு அதைக் காட்டிக்கொடுக்கிறது. அப்போது கோபம் வேண்டாம். உப்புத்தாளை மீண்டும் எடுத்தால் போதும். தம்மைத் தாமே சோதித்துக்கொள்கிறவர்களுக்கு இந்த அமைதி பழக வேண்டும்: குறை தெரிந்ததற்கு வருந்தாமல், தெரிந்த குறையைத் திருத்தத் தொடங்கும் அமைதி.

இந்த வேலையின் நடுவில் எனக்குப் பூசலார் நாயனார் நினைவுக்கு வருவார். சேக்கிழார் பெரியபுராணத்தில் அவர் வரலாற்றைச் சொல்கிறார். திருநின்றவூரில் வாழ்ந்தவர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார். தேடியலைந்தும் பொருள் கிடைக்கவில்லை. மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். கல்லையும் மரத்தையும் மனத்தால் சேர்த்தார். தச்சர்களை மனத்தால் அழைத்தார். நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டார். விமானம் எழுப்பி, சுதை பூசி, கிணறும் குளமும் மதிலும் அமைத்து, குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் கற்கோயில் எடுத்த பல்லவ மன்னனும் அதே நாளைக் குறித்திருந்தான். அவன் கனவில் இறைவன் தோன்றி, நாளை பூசலாரின் ஆலயத்துக்குப் போகிறோம், நீ வேறொரு நாள் வைத்துக்கொள் என்றார்.

என்னை நெகிழச் செய்வது அந்தக் கனவைவிட அந்தக் கிணறு. மனத்தால் கட்டுகிறவர் ஒரே நொடியில் சிகரத்தை நிறுத்திவிடலாம். கிணற்றை விட்டுவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? மதிலில் ஒரு வரிசை குறைந்தால் யாருக்குத் தெரியும்? பூசலார் எதையும் விடவில்லை. எந்தப் படியையும் தாண்டவில்லை. அடித்தளத்துக்குரிய காலத்தை அடித்தளத்துக்குத் தந்தார், சுதைக்குரிய காலத்தைச் சுதைக்குத் தந்தார். காண்பவர் இல்லாத இடத்திலும் அவர் அன்பு ஒரு சிறிதும் குறையவில்லை. இறைவன் தேடிப்போனது அந்தக் குறையாத அன்பைத்தான்.

நம் ஒவ்வொருவர் வேலையிலும் மூடப்போகும் பக்கம் ஒன்று உண்டு. தைக்கிறவருக்குத் துணியின் உட்புறம். சமைக்கிறவருக்கு அரிசி களையும் நேரம். கணக்கு எழுதுகிறவருக்கு ஒருவரும் திருப்பிப் பார்க்காத பக்கங்கள். எல்லோருக்கும், பிறரைப் பற்றித் தமக்குள்ளே நினைத்துக்கொள்வது. அந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் செம்மையாகச் செய்துவிடுங்கள். பாராட்ட ஒருவரும் வரமாட்டார்கள். செய்கிற நீங்கள் அங்கே முழுமையாக இருப்பீர்கள். வழிபாட்டுக்கு அது போதும்.