பள்ளிக்கு அருகில் ஒரு காப்பகம்

வீடற்றோருக்கான காப்பகம் ஒன்று பள்ளிக்கு அருகில் அமையவிருக்கிறது என்ற செய்தி பரவியதும் அப்பகுதிப் பெற்றோரிடம் எழும் அச்சத்தை, ஏழைகள் மீதான வெறுப்பு என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. தம் பிள்ளை நடந்து செல்லும் தெருவில் யார் இருப்பார்கள் என்று கேட்பது பெற்றோரின் கடமை. அதற்குத் தெளிவான விடை அளிப்பது நகர நிர்வாகத்தின் கடமை. எனினும், அந்தக் கேள்வி 'எவ்வளவு தொலைவில்' என்பதாக மட்டும் சுருங்கிவிடும்போது பாதுகாப்பும் கிட்டாது, நீதியும் கிட்டாது என்பதற்கு நியூயார்க் நகரத்தின் அனுபவம் சான்றாகும்.

அந்நகரில் காப்பகம் என்பது அரசு மனமிரங்கி அளிக்கும் தருமம் அன்று. அது சட்டப்படியான கடப்பாடு. நலிந்தோரைப் பேணுவது குறித்த மாநில அரசியலமைப்புப் பிரிவை முன்வைத்து, வீடற்ற ஆண்களின் சார்பில் 1979இல் தொடுக்கப்பட்ட வழக்கு, 1981இல் இருதரப்பும் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படியான தீர்ப்பாக நிறைவுற்றது; பின்வந்த வழக்குகளால் அவ்வுரிமை பெண்களுக்கும் பிள்ளைகளையுடைய குடும்பங்களுக்கும் விரிந்தது. ஆகவே காப்பகங்கள் எங்கேனும் அமைந்தே தீரவேண்டும். மக்கள் நெருங்கி வாழும், சில தெருக்களுக்கு ஒரு பள்ளி இருக்கும் நகரத்தில், பள்ளிக்கு அருகில் கூடாது என்ற நிபந்தனை நடைமுறையில் எங்குமே கூடாது என்பதாக முடிகிறது.

தொலைவை அளவுகோலாகக் கொண்ட சட்டம் ஒன்று அங்கே ஏற்கெனவே உள்ளது. பாலியல் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டு, தண்டனையின் எஞ்சிய காலத்தைச் சிறைக்கு வெளியே கண்காணிப்பின் கீழ் கழிப்பவர்களுள் குறிப்பிட்ட சில பிரிவினர், பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் செல்லவோ தங்கவோ கூடாது என்று நியூயார்க் மாநிலச் சட்டம் தடுக்கிறது. இத்தடையின் கடுமை பற்றி விவாதங்கள் உண்டு என்றாலும், அது இன்னார் இன்ன குற்றம் செய்தார் என்று மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே அவர்மீது பாய்கிறது. காப்பகத்துக்கு எதிரான கோரிக்கையோ எவருடைய செயலையும் பாராமல், வாடகை கொடுக்க இயலாத நிலையையே விலக்கி வைக்க வேண்டிய காரணமாகக் கொள்கிறது. குற்றத்துக்கும் வறுமைக்கும் இடையே சட்டம் காணும் வேறுபாட்டை அச்சம் காணத் தவறுகிறது.

காப்பகத்தில் தங்குவோர் யார் என்பதை அறிந்தால் இத்தவறு இன்னும் துலங்கும். நியூயார்க் காப்பகங்களில் தங்குவோரில் பெரும்பகுதியினர் பிள்ளைகளையுடைய குடும்பத்தினர். அண்மை ஆண்டுகளில் அந்நகரப் பள்ளிகளில் ஆண்டுதோறும் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் நிலையான வீடின்றிக் காப்பகங்களிலோ, இடநெருக்கடியோடு உறவினர் வீடுகளிலோ தங்கிப் படிக்கிறார்கள். மெக்கின்னி-வென்டோ சட்டம் எனப்படும் 1987ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமும் அதன் திருத்தங்களும், இத்தகைய பிள்ளைகள் முன்பு படித்த பள்ளியிலேயே தொடரவும், அதற்கான போக்குவரத்து வசதி பெறவும், சான்றிதழ்கள் கையில் இல்லாவிடினும் உடனே சேர்க்கப்படவும் உரிமை தருகின்றன. ஆயினும் ப்ரூக்லினில் படிக்கும் சிறுமியின் குடும்பத்துக்கு ப்ராங்ஸில் இடம் ஒதுக்கப்பட்டால், அந்த உரிமை விடியுமுன் எழுந்து, நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பயணம் செய்து, முதல் பாடவேளையில் கண் அயரும் உரிமையாகவே எஞ்சுகிறது. குடும்பங்களை அவர்கள் வாழ்ந்த பகுதிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் அருகில் தங்கவைக்க வேண்டும் என்பதை 2017இல் நகர நிர்வாகம் தன் திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றாக அறிவித்ததற்கு இதுவே காரணம். இப்பிள்ளைகளைப் பொறுத்தவரை பள்ளியின் அருகாமை தவிர்க்க வேண்டிய குறை அன்று, தேடிப் பெற வேண்டிய நன்மை.

தனித்து வாழும் ஆண்களுக்கான காப்பகம் குறித்த கவலை இதிலிருந்து வேறுபட்டது. அதற்குரிய விடையும் வேறு. காலையில் எல்லோரையும் வெளியேற்றி மாலையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளும் காப்பகம், பிள்ளைகள் பள்ளிக்கு வரும் அதே வேளையில், போக்கிடம் இல்லாதவர்களைத் தெருவில் நிறுத்துகிறது. பகலிலும் திறந்திருந்து, உள்ளேயே உட்கார இடமும், மனநல மருத்துவமும், போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையும், வேலை தேட உதவியும் அளிக்கும் காப்பகத்தின் வாசலில் அத்தகைய நெருக்கடி பெரிதும் குறைகிறது. ஆகவே பெற்றோர் வற்புறுத்த வேண்டியவை: பகலில் கதவு திறந்திருக்குமா, ஊழியர் எத்தனை பேர், இரவில் புகார் எழுந்தால் பொறுப்புடன் பதிலளிப்பவர் யார், ஒரே ஏழைப் பகுதியின் மீது எல்லாக் காப்பகங்களும் சுமத்தப்படுகின்றனவா என்பவையே. கடைசிக் கேள்விக்குச் சட்ட அடிப்படையும் உண்டு. நகர வசதிகளின் சுமையையும் பயனையும் எல்லாப் பகுதிகளும் நியாயமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற நெறியை 1989இல் திருத்தப்பட்ட நகரச் சாசனம் வகுத்தது.

பள்ளியைக் காப்பது என்றால் அதில் படிக்கும் பிள்ளைகள் அனைவரையும் காப்பதுதான். அவர்களுள் சிலர் இரவைக் காப்பகத்தில் கழிப்பவர்கள். எனவே காப்பகத்தைத் தொலைவில் தள்ளச் செலவிடும் ஆற்றலை, அதன் நிர்வாகத்தைக் கண்காணிக்கும் ஆலோசனைக் குழுவில் இடம் கேட்டுப் பெறவும், அங்கு தங்கும் பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வருகிறார்களா என்று கேட்கவும் பெற்றோர் சங்கங்கள் செலவிடுமானால், அவர்களுடைய அச்சம் அடுத்தவரை விலக்கும் சுவராகாமல், அடுத்தவர் பிள்ளையையும் தம் பிள்ளையாக எண்ணிக் காக்கும் பொறுப்பாக வளரும்.