அய்யா இருக்கப் பயம் ஏன்?

அன்புக்கொடி மக்களே,

காலையில் குளித்து, நெற்றியில் திருநாமம் தரித்து, தாங்கலில் பணிவிடைக்கு நிற்கிறோம். பிள்ளைக்கு நாலு நாள் காய்ச்சல் விடவில்லை என்றால் அன்று சாயங்காலமே, யாரோ சொன்ன மந்திரவாதி வீட்டு வாசலில் கயிறு கட்ட நிற்கிறோம். வளைகுடாவில் வேலை பார்க்கிற மகன் இரண்டு நாள் போன் பண்ணாவிட்டால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். நெற்றியில் நாமம், நெஞ்சில் பயம். இரண்டும் ஒரே வீட்டில் எப்படிக் குடியிருக்கும்?

நம் முன்னோர் பயந்ததற்காவது காரணம் இருந்தது. திருவிதாங்கூர் ராஜ்யத்தில் தலைக்கு வரி கட்டினார்கள், கூலியில்லாமல் ஊழியம் செய்தார்கள். ஆண் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண் மாரை மறைக்கக்கூடாது. பகலில் அதிகாரிக்குப் பயம், இரவில் பேய்க்குப் பயம். காய்ச்சல் வந்தாலும் பேய், மழை பொய்த்தாலும் பேய். கடன் வாங்கி ஆடும் கோழியும் பலி கொடுத்தார்கள். பயந்தவன் மடியில்தான் மந்திரவாதிக்குக் காசு.

கொல்லம் 1008 மாசி 20-ல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வந்த அய்யா, இந்தப் பயத்தின் வேரிலேயே கை வைத்தார். பேய்களை எரித்ததையும் மந்திரவாதிகளின் வித்தையைப் பறித்ததையும் அகிலத்திரட்டு சொல்கிறது. பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம் என்றார். குனிந்தே பழகிய மக்களைத் தலைப்பாகை கட்டி வணங்கச் சொன்னார்.

அதனால் கஷ்டமே வரவில்லையா? வந்தது, அய்யாவுக்கே வந்தது. ராஜாவின் சேவகர் அவரைப் பிடித்துப் போக வந்தபோது மக்கள் கொதித்தார்கள். அய்யா பொறுத்திருக்கச் சொன்னார். சிங்காரத்தோப்பில் 110 நாள் சிறை. பசித்த புலியின் முன்னே நிறுத்தினார்கள். புலி அடங்கிக் கிடந்தது. நாம் இந்தப் புலிக் கதையைத்தான் விரும்பிக் கேட்கிறோம். எனக்கோ, சுவாமிதோப்பில் காத்திருந்தவர்களை நினைக்கவே தோன்றுகிறது. போன் இல்லாத காலம். அய்யா உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்கவும் திருவனந்தபுரம் வரை நடக்க வேண்டும். அழாமலா இருந்திருப்பார்கள்? ஆனால் அய்யா திரும்பி வந்து, வாகைப்பதியில் துவையல் தவசு இருங்கள் என்றதும் 700 குடும்பத்தார் வீடு வாசலை விட்டுக் கடற்கரைக்குப் போனார்கள். பயந்த கூட்டமென்றால் அந்த 110 நாளில் கலைந்திருக்கும்.

அங்கே சேர்ந்து குளித்தார்கள், துணி துவைத்தார்கள், சேர்ந்து உண்டார்கள். ராத்திரி தனியே படுத்து ஓட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத்தான் பயம் பெருகும். ஆகவே மனசு படபடக்கும்போது தாங்கலுக்கு வாருங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பள்ளியறையில் சிலை இல்லை. விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடியில் தெரிவது உங்கள் முகம்தான். பயந்த முகமாக இருந்தாலும் அங்கேயே நின்று பாருங்கள். அய்யா உள்ளே இருக்கிறார் என்பதற்குத்தானே அந்தக் கண்ணாடி!

(மருத்துவரிடம் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. மருந்து வேறு, மந்திரக் கயிறு வேறு.)

வருகிற ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்புக்கு வரும்போது, கயிறு கட்டியிருப்பவர்கள் வீட்டிலேயே அறுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். அறுக்கக் கை நடுங்கினால் கட்டிய கையோடு வாருங்கள். பதமும் நாமமும் வாங்கிய பிறகு பக்கத்தில் நிற்பவர் அறுத்துவிடுவார்.

அய்யா உண்டு.