ஓய்வு என்கிற சொத்து

ஓட்டக்காரனின் காயம் அவன் உடம்பைச் சேர்ந்தது என்பார்கள். முதல் காயத்துக்கு வேண்டுமானால் அது பொருந்தும். அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிற காயத்துக்கும் உடம்பு மட்டும்தான் பொறுப்பா?

நூறு மீட்டர் ஓடுகிறவர்களுக்குத் தொடையின் பின்பக்கத் தசை கிழிவது சாதாரணம். ஒருமுறை கிழிந்தது மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம். வலி போய்விட்டால் பலம் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. வாரக்கணக்கில் ஓய்வு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி; இதுதான் வைத்தியம். அந்த வாரங்களில் சோறு போடுவது யார் என்று எந்த மருந்துச் சீட்டிலும் எழுதியிருப்பதில்லை.

நான் மயிலாப்பூர்ச் சேரிக்காரன். மெரினா மணலில் ஓடிப் பழகி மாவட்டப் போட்டி வரைக்கும் போனவன். தசை கிழிந்தபோது எங்களுக்குத் தெரிந்தது புத்தூர்க் கட்டுதான். ஒரு மாசம் நடக்காதே என்றார்கள். பத்தாம் நாள் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் வேலைக்கு நின்றேன். காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கணும். சுவரில் சாய்ந்தால், "இன்னா மகாராஜா, சேர் போடட்டுமா?" என்பார் சூப்பர்வைசர். அடுத்த வருஷம் அதே இடம் கிழிந்தது. அதற்கடுத்த வருஷமும். பயிற்சியாளர் சொன்னார்: "ஒங்க ஆளுங்களுக்கு வேகம் இருக்கு, ஒழுக்கம் கிடையாது." மந்தைவெளியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த எங்கம்மா முதுகுவலின்னு ஒருநாள் நின்றாலும் இதே பேச்சுதான்.

1988 சியோல் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா குதிகால் காயத்தோடு 400 மீட்டர் தடை ஓட்டம் ஓடி முதல் சுற்றிலேயே வெளியேறினார். பலரும் ஏசினார்கள். மறு வருஷம் டில்லியில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் நான்கு தங்கம் வாங்கினார். அந்த இடைவெளியைத் தாண்ட அவருக்கு மன உறுதி இருந்தது. தென்னக ரயில்வே வேலையும் இருந்தது. நாம் உறுதியைப் பாடுகிறோம், சம்பளத்தை விட்டுவிடுகிறோம்.

ஓய்வு கிடைத்தால் எல்லாம் ஆறிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் கறுப்பின ஓட்டக்காரர் டெரெக் ரெட்மண்ட் பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின் 400 மீட்டர் அரையிறுதியில் தசை கிழிந்து உட்கார்ந்துவிட்டார். அப்பா ஓடிவந்து தாங்கிக்கொள்ள, நொண்டியபடியே எல்லைக்கோட்டைத் தொட்டார். அரங்கமே எழுந்து கைதட்டியது. அதை உலகம் துரதிர்ஷ்டம் என்று புரிந்துகொண்டது.

எங்களுக்கு அந்தத் துரதிர்ஷ்டம்கூட மறுக்கப்படுகிறது. எங்கள் காயம் எங்கள் பிறப்புக்கு எதிரான சாட்சியாக மாற்றப்படுகிறது. ஸ்டாப்வாட்ச் சாதி பார்ப்பதில்லையாம். சரிதான். ஆனால் அது ஓடுகிற நேரத்தைத்தான் அளக்கும். ஒருவனால் எத்தனை நாள் படுத்திருக்க முடிந்தது என்பதை அளக்காது. தோற்பதற்கும், தோற்றபின் குணத்தைக் குறை கேட்காமல் இருப்பதற்கும் உள்ள உரிமை சமத்துவத்தில் சேராதா?

2021இல்தான் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. ஒரு நாற்காலிக்கே சட்டம் தேவைப்பட்ட ஊர் இது. தகுதி, திறமை பேசுகிறவர்கள், சேரிப் பிள்ளைகள் ஓடுகிற மாசங்களுக்கு மட்டுமல்ல, காயம்பட்டுக் கிடக்கிற மாசங்களுக்கும் உதவித்தொகை கொடுத்துவிட்டுப் பேசட்டும்.